உலர்த்தியில் காற்றுக் குறைந்தால்...

நெல் உலர்த்தியின் ஊதுவிசிறியில் காற்றுக் குறைந்தால் ஈர நெல் சூடேறி மஞ்சளாகும். அதற்கு அஞ்சி, வேகத்தைக் கூட்டுவதற்காகச் சிலர் மோட்டாரில் பெரிய கப்பியை மாட்டிவிடுகின்றனர். இது நல்லதன்று. சுழற்சி 10 சதம் கூடினால் காற்றும் 10 சதமே கூடும். மின்திறன் தேவையோ 33 சதம் கூடும். முழுச் சுமையில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 6½ குதிரைத்திறன் இழுக்க நேர்ந்து கருகிவிடும்.

முதலில் சுழலும் திசையைப் பாருங்கள். மும்முனை இணைப்பில் இரு கம்பிகள் இடம் மாறினால் விசிறி எதிர்த்திசையில் சுழலும். நத்தைக்கூடு போன்ற உறையுள்ள ஊதுவிசிறியில் அப்போதும் காற்று அதே வாய் வழியாகவே வரும், வெகுவாகக் குறைந்து. ஆகவே பலரும் கவனிப்பதில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டி வந்ததும் இதைச் சரிபார்த்தல் அவசியம்.

திசை சரியாக இருப்பின், மின்சாரத்தை நிறுத்தி, ஃபியூசைக் கழற்றிய பின்னர் இறகுகளில் படிந்த தூசியைச் சுரண்டி எடுங்கள். ஒருபுறம் மட்டும் எஞ்சினால் விசிறி அதிர்ந்து பேரிங் கெடும். தளர்ந்த பெல்ட்டையும் இறுக்கிவிடுங்கள்.