கயிறேற்றமும் கர்லாக்கட்டையும்: ஒலிம்பிக் தேகாப்பியாசத்தின் முதற்காலம்

ஆடவர்க்குரிய ஒலிம்பிக் தேகாப்பியாசம் என்றதும் தரைப்பயிற்சி, கைபிடிக் குதிரை, வளையம், குதிரை தாண்டல், சமாந்தரச் சட்டம், கிடைச்சட்டம் என்னும் ஆறுமே இன்று நினைவுக்கு வரும். இவ்வாறும் ஒருங்கே நிலைபெற்றது 1936 ஆம் ஆண்டு பேளின் நகர விழாவிலேயாம். அதற்கு முந்திய நாற்பதாண்டுக் காலத்தில் எது தேகாப்பியாசம், எது அன்று என்பதே முடிவுகாணாத வழக்காயிருந்தது. பளுத்தூக்கல், கோலூன்றிப் பாய்தல், குண்டெறிதல், கயிறேறுதல், கர்லாக்கட்டை சுழற்றல் எனப் பலவும் இப்பெயரின்கீழ் வந்து, சிலகாலம் தங்கி, அகன்றன. ஈற்றிற் கூறிய இரண்டும் தமிழ் மாணவர்க்குப் புறம்பானவையல்ல. பனையேறுவாரை அறியாது வளர்ந்த சிறுவனை மன்னார்க் கரையிற் காண்டல் அரிது. கர்லாக்கட்டையோ இந்திய நாட்டிலிருந்தே மேற்கு நோக்கிச் சென்றது.

ஐரோப்பாவிலே அக்காலத்தில் இருபெரு மரபுகள் இருந்தன. ஒன்று ஜேர்மனிய மரபு. பிரீட்றிக் யான் என்னும் ஆசிரியர் 1811 இல் பேளின் நகர்ப்புறத்தில் ஒரு திறந்தவெளிப் பயிற்சிக்களம் அமைத்து, சட்டங்களிலும் குதிரையிலும் இளைஞரைப் பழக்கினார். நெப்போலியனின் படைகளால் தாழ்வுற்ற நாட்டை எழுப்புதலே அவர் கருத்து. மற்றையது சுவீடிய மரபு. பேர் ஹென்றிக் லிங் என்பார் 1813 இல் ஸ்ரொக்ஹோமில் நிறுவிய கழகத்தில், உடலின் ஒவ்வோர் உறுப்பையும் ஒழுங்காக வளர்க்கும் கூட்டுப் பயிற்சியே முதன்மை பெற்றது. ஒருவரையொருவர் வெல்லுதல் அதன் நோக்கமன்று. ஆங்கிலேயர் தம் பாடசாலைகளுக்கு எடுத்துக்கொண்டது இப் பின்னையதே. 'டிரில்' என்ற பெயருடன் குடியேற்ற நாடுகளின் பள்ளி முற்றங்களில் வரிசையாக நின்று கைநீட்டி மடக்கிய பிள்ளைகள், தாம் அறியாமலே லிங்கின் மாணவராயினர்.

இவ்விரு மரபினரும் பிரெஞ்சுப் பிரபு கூபேர்த்தன் தொடக்கிய ஒலிம்பிக் விழாவை ஐயுறவோடேயே நோக்கினர். ஜேர்மனியத் தேகாப்பியாசச் சங்கத்தார், பிரெஞ்சுக்காரர் ஒருவர் கூட்டிய பன்னாட்டு விழாவிலே தம் உறுப்பினர் பங்குபற்றல் தகாதென்றனர். அத்தடையை மீறி ஒரு குழுவினர் 1896 இல் ஏதென்ஸ் நகருக்குச் சென்றனர். அங்கு நடந்த எட்டுத் தேகாப்பியாசப் போட்டிகளில் ஐந்தை அவர்கள் வென்றனர். முதலிடம் பெற்றோர்க்கு அவ்வாண்டு பொன் வழங்கப்படவில்லை. வெள்ளிப் பதக்கமும் ஒலிவக் கிளையுமே வழங்கப்பட்டன. வெற்றியோடு திரும்பியவர்களுக்குத் தாய்நாட்டுச் சங்கம் அளித்த பரிசு தண்டனையே.

அக்குழுவில் அல்பிரட் பிளாற்றோ, குஸ்தாவ் பீலிக்ஸ் பிளாற்றோ என்னும் யூத இனத்து உறவினர் இருவர் இருந்தனர். அல்பிரட் சமாந்தரச் சட்டத்தில் தனியாகவும் முதலிடம் பெற்றவர். பிற்காலத்தில் நாற்சி ஆட்சியாளர் இவ்விருவரையும் தெரேசியன்ஸ்ராட் தடுப்பு முகாமுக்கு அனுப்பினர். அல்பிரட் 1942 இலும் குஸ்தாவ் பீலிக்ஸ் 1945 இலும் அங்கேயே இறந்தனர். பேளின் ஒலிம்பிக் அரங்கையடுத்த வீதியொன்றுக்கு அவர்கள் பெயர் சூட்டப்பட்டது 1997 இலேயாம். நாட்டுக்காகத் தடைமீறிப் போட்டியிட்டவரை அந்நாடே கொன்றது என்னும் செய்தியைப் பதக்கப் பட்டியல் எதுவும் சொல்லாது.

நிற்க. ஏதென்ஸின் எட்டுப் போட்டிகளுள் ஒன்று கயிறேறுதல். பதினான்கு மீற்றர், அதாவது நாற்பத்தைந்து அடிக்கு மேற்பட்ட உயரமுள்ள கயிறு தொங்கவிடப்பட்டது. போட்டியிட்டோர் ஐவரே. அவர்களுள் உச்சியைத் தொட்டவர் அந்திரியாக்கோபுலொஸ், செனாக்கிஸ் என்னும் கிரேக்கர் இருவர் மட்டுமே. முன்னவர் 23.4 செக்கனில் ஏறி வென்றார். ஏனைய மூவரும் இடையிலே கைசோர்ந்தனர். அவர்களுள் ஒருவர் அதே விழாவில் ஒருகைப் பளுத்தூக்கலில் முதலிடம் பெற்ற லோன்செஸ்ரன் எலியற்; இந்தியாவிலே, பம்பாய் மாகாணத்துக் கலாட்கியிற் பிறந்த பிரித்தானியர். பாரிய உடலும் பெருவலியும் படைத்த அவர் கயிற்றிலே ஐந்தாமவராய் நின்றமை வியப்பன்று. கயிற்றில் ஏறுவோன் தூக்குவது தன் உடலையே. உடல் பெருக்குந்தோறும் சுமையும் பெருகும். விரல்களின் பிடியோ அவ்வளவில் வளர்வதில்லை.

பனையேறுவாரின் தொழிலோடு இதனை ஒப்புநோக்கல் பயனுடைத்து. பனையேறுவோர் பாதங்களைத் தளைநாராற் பிணைத்து, மரத்தைக் கால்களாற் கவ்வி, உடலின் பாரத்தைக் காலுக்கு மாற்றிக்கொள்வர். கை அணைத்துப் பிடிக்கும், கால் உந்தி எழுப்பும். ஆதலின் அவர் நாளொன்றுக்குப் பல மரங்கள் ஏற இயலும். பிற்கால ஒலிம்பிக் கயிற்றுப் போட்டியிலோ கால்களைப் பயன்படுத்தல் ஆகாது. நிலத்தில் அமர்ந்தபடி தொடங்கி, கைகளால் மட்டுமே ஏறல் வேண்டும். முன்னது நாள் முழுதும் உழைப்பதற்கான முறை. பின்னது சில செக்கனில் வலிமை முழுவதையும் செலவிடும் முறை. எது கடிது என்னும் வினாவுக்கு விடை இல்லை. ஆனால் ஒன்றுக்குப் பதக்கமும் மற்றொன்றுக்குச் சாதிப் பெயரும் கிடைத்தன என்பதை வரலாறு படிப்போர் மறத்தல் தகாது.

மன்னார்க் கடலிலும் கயிறே வாழ்வாயிருந்தது. 1903 முதல் 1907 வரை ஆண்டுதோறும் மரிச்சுக்கட்டியை மையமாகக் கொண்டு முத்துக்குளிப்பு நிகழ்ந்தது. குளிப்போர் கல்கட்டிய கயிற்றைப் பற்றி ஆழத்தில் இறங்கி, மூச்சடக்கிய ஒரு நிமிடமளவில் சிப்பி பொறுக்கி மேலெழுந்தனர். அள்ளிய சிப்பியில் மூன்றில் ஒரு பங்கே அவர்க்குரியது. எஞ்சிய இரு பங்கும் அரசாங்கத்தைச் சேர்ந்தது. அவர் இவ்வாறு கயிற்றிலே இறங்கிய அதே காலத்தில், 1904 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29 ஆந் திகதி, அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் ஒருவர் கயிற்றிலே ஏறிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஜோர்ஜ் ஐசர். அவருடைய இடக்கால் மரக்கால்.

ஐசர் ஜேர்மனியிலே பிறந்து, சிறுவயதிற் பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர், தொழிலாற் கணக்கெழுதுபவர். புகையிரத விபத்தொன்றிற் காலை இழந்தார் என்பர். அன்றொரு நாளில் அவர் பெற்ற பதக்கங்கள் ஆறு. சமாந்தரச் சட்டம், குதிரை தாண்டல், இருபத்தைந்து அடிக் கயிறு ஆகிய மூன்றிலும் தங்கம்; குதிரை தாண்டலில் அன்ரன் ஹைடா என்பவருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். கைபிடிக் குதிரையிலும் கூட்டுப் புள்ளியிலும் வெள்ளி, கிடைச்சட்டத்தில் வெண்கலம். கயிற்றை அவர் ஏழு செக்கனில் ஏறி முடித்தார். மரக்கால் அங்கு ஒரு சுமையாக இருந்ததேயன்றித் துணையாக இருக்கவில்லை.

அதே ஆண்டு யூலை மாதத்திலும் ஐசர் போட்டியிட்டார் என்பதைப் பலர் கூறாது விடுவர். அப்போது தேகாப்பியாசத்தோடு ஓட்டம், நீளம் பாய்தல், குண்டெறிதல் என்பனவும் சேர்த்துக் கணிக்கப்பட்டன. அவற்றில் அவர் மிகப் பின்தங்கினார். ஆள் ஒருவரே, ஆண்டும் ஒன்றே. அளவுகோல் மட்டுமே மாறியது. 'திறமை' என்பது ஆளிடம் எவ்வளவு உண்டோ, அவ்வளவு போட்டி விதியிலும் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடுதல் வேண்டா. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி நடத்தும் ஆசிரியர்கள் இதனை ஊன்றி நோக்குவாராக.

1900 இல் பாரிஸ் நகரில் நடந்தது இன்னும் விசித்திரமானது. அங்கு தேகாப்பியாசத்துக்கு ஒரே போட்டிதான். 135 பேர் கலந்துகொண்டனர். சட்டங்களோடும் வளையங்களோடும் கயிறேறுதல், கோலூன்றிப் பாய்தல், பளுத்தூக்கல் ஆகியனவும் அதனுள் அடங்கின. வென்றவர் குஸ்தாவ் சாந்திராஸ் என்னும் பிரெஞ்சுக்காரர். 1912 இல் ஸ்ரொக்ஹோமிலோ மரபுப் பூசலைத் தீர்க்கமாட்டாது குழுப் போட்டியையே மூன்றாகப் பிரித்தனர். ஐரோப்பிய முறையில் இத்தாலியும், சுவீடிய முறையில் சுவீடனும், தன்விருப்ப முறையில் நோர்வேயும் வென்றன. அவரவர் வீட்டுப் பாடத்தில் அவரவர் முதல்வர்! தனிப்பட்டோர் போட்டியில் 1908 இலும் 1912 இலும் முதல்வராய் நின்றவர் இத்தாலியரான அல்பேர்த்தோ பிராலியா.

கயிறு 1924 இற் பாரிஸ் விழாவிலே மீண்டும் தோன்றியது. உயரம் எட்டு மீற்றராகக் குறைந்தது. செக்கோசிலவாக்கியரான சுப்சிக் 7.2 செக்கனில் வென்றார். ஒன்பது செக்கனுள் ஏறியோர் யாவர்க்கும் முழுப்புள்ளியாகிய பத்து வழங்குவதென்பது விதி. அதன்படி இருபத்திருவர் பத்துப் பெற்றனர். மொன்றியால் நகரில் 1976 இல் நாடியா கொமனேச்சி பெற்ற பத்தே ஒலிம்பிக் தேகாப்பியாசத்தின் முதற் பத்து எனப் பலர் எழுதுவர். பெண்கள் போட்டியைப் பொறுத்தவரை அது சரியே. ஆயினும் நடுவர் கண்ணால் அளந்த பத்தும் மணிக்கூடு அளந்த பத்தும் ஒன்றல்ல. கயிறு பின்னர் போட்டியிலிருந்து நீங்கியதற்கும் இவ்வேறுபாட்டை ஒரு காரணமாகக் கருத இடமுண்டு. ஏனைய கருவிகளில் அழகும் ஒழுங்கும் அளக்கப்பட, கயிற்றில் விரைவொன்றே எஞ்சிற்று. 1932 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் றேமண்ட் பாஸ் 6.7 செக்கனில் ஏறியதே இறுதி ஒலிம்பிக் ஏற்றம். அமெரிக்கக் கல்லூரிகளில் அது 1960களின் தொடக்கம் வரை வாழ்ந்தது. அங்கு உச்சியில் கரிபூசிய தட்டொன்று இருக்கும். கையிற் கரி ஒட்டினாலன்றி ஏற்றம் ஒப்புக்கொள்ளப்படமாட்டாது. டொன் பெரி என்பவர் 1954 இல் இருபதடிக் கயிற்றை 2.8 செக்கனில் ஏறினார்.

கர்லாக்கட்டையின் கதை வேறு. இந்திய மல்லர் தோள்வலிக்காகச் சுழற்றிய பெருங்கட்டையைப் பிரித்தானியப் படையினர் கண்டு, இலேசாக்கித் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இங்கிலாந்தில் அது பரவியது. அதனை அங்கு கண்ட சிம் கீகோ என்னும் அமெரிக்கர் நியூயோர்க்கில் கட்டைகள் செய்து விற்று, 1866 இல் அப்பயிற்சி பற்றி நூலும் வெளியிட்டார். 'இந்தியக் கட்டை' என்ற பெயருடனேயே அது 1904 இலும் 1932 இலும் ஒலிம்பிக் போட்டியாயிற்று. முன்னதில் எட்வேட் ஹெனிக்கும் பின்னதில் ஜோர்ஜ் றொத்தும் வென்றனர், இருவரும் அமெரிக்கர். 1932 இற் போட்டியிட்டோர் நால்வரே. இந்தியர் ஒருவரும் இலர். அது பெரும் பொருளாதார மந்தக் காலம். வேலையற்றிருந்த றொத் தங்கப்பதக்கத்துடன் அரங்கைவிட்டு வெளியேறி, வழியிற் சென்ற வாகனத்தை மறித்து ஏறி வீடு சென்றார் என்றொரு கதை வழங்குகிறது. இந்தியரின் உடற்கலை இந்தியர் கையாலேயே ஒலிம்பிக் நகரொன்றிற் காட்டப்பட்டது 1936 இல். அமராவதி ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் பேளினில் மல்லகம்பம் முதலியவற்றைச் செய்து காட்டினர். அது காட்சியேயன்றிப் போட்டியன்று. இந்தியத் தேகாப்பியாச வீரர் ஒலிம்பிக்கிற் போட்டியிட்டது 1952 இல், ஹெல்சிங்கியிலேயாம்.

சட்டமும் குதிரையும் வாங்குதற்கு வசதியற்ற கிராமப் பாடசாலைகளுக்குக் கயிறு இன்றும் ஏற்றது. கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் முருங்கன் போன்ற ஊர்களில் உறுதியான மரக்கிளைக்கும் கயிற்றுக்கும் குறைவில்லை. குறை நிலத்திலேயே உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒருகாலத்தில் உதவிய களிமண் அது. கோடையில் இறுகிக் கல்லாகும். ஆகவே கயிற்றின்கீழ் ஆற்றுமணலை முழங்காலளவு நிரப்புதல் வேண்டும். தும்புக்கயிறு உள்ளங்கையை அறுக்கும். ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள மணிலாக் கயிறே தக்கது. தொடக்கத்திற் பத்தடிக்கு மேல் ஏறவிடலாகாது. கால்களைப் பயன்படுத்தி ஏறப் பழகியபின்னரே கைகளால் மட்டும் ஏறுதல் முறை. இறங்கும்போது வழுக்கி வருவோர் கைத்தோலை இழப்பர். கைமாற்றிக் கைமாற்றியே இறங்கல் வேண்டும். ஏறும் வலிமையிற் பாதியை இறக்கத்துக்கு வைத்துக்கொள்ளுமாறு முதல்நாளிலேயே பழக்குதல் ஆசிரியர் கடன்.