மீனம்பாக்கம் – பலாலி: 354 கிலோமீட்டர்

மாமல்லபுரத்துக்காரர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு விமானம் ஏற வேண்டுமென்றால் முதலில் எதிர்த்திசையில், வடக்கே சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். வரைபடத்தில் மீனம்பாக்கத்தையும் யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு அவர் ஊருக்குச் சற்று மேற்கே, நாலைந்து கிலோமீட்டருக்குள் இறங்கும்.

இரு நிலையங்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் தூரக் கணக்கு சுலபம். மீனம்பாக்கத்தின் அட்சரேகை 12.99 பாகை, பலாலியுடையது 9.79. வித்தியாசம் 3.2. இந்தப் பகுதியில் ஒரு பாகைக்கு 110.6 கி.மீ. என்று பெருக்கினால் 354 கி.மீ. வருகிறது.

அந்த 110.6-ஐ நம் மண்ணிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன், பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்கி பெரும்பாக்கம் பக்கமாக சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு அடிக்கோடு ஒன்றை அளந்தார். கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. வெயில் பட்டால் எஃகு நீளும், அளவு கெட்டுவிடும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே நிழல் கட்டி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, சூட்டுக்கேற்பக் கணக்கைத் திருத்தினார்கள். சென்னையின் சித்திரை வெயிலில் இந்த வேலை! பிறகு அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கடலூர்ப் பக்கம் வரை இறங்கி, ஒரு பாகையின் நீளத்தைக் கண்டார். இன்றைய மதிப்புக்கு அது மிக நெருக்கம். அவர் சங்கிலி போடத் தொடங்கிய இடத்துக்கு அருகில்தான் இன்றைய ஓடுபாதை.

தூரம் சரி. நேரம்தான் வம்பு. இந்தத் தடத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 ரக விமானம் மணிக்கு 500 கி.மீ. போகும். வகுத்தால் 43 நிமிடம். பயணச்சீட்டிலோ ஒன்றேகால் மணி, சில சமயம் அதற்கும் மேல். சீட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. இங்கே சக்கரக் கட்டையை எடுத்ததிலிருந்து அங்கே கட்டை போடும் வரைக்குமான நேரம். ஊர்ந்துபோவதும் வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம். சென்னையின் பிரதான ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. தெற்கே போகும் விமானம் எந்தப் பக்கம் எழுந்தாலும் வளைந்துதான் ஆக வேண்டும். நேர்கோட்டை ஒட்டியே தாம்பரம் விமானப்படைத் தளமும், பறக்கத் தடையுள்ள கல்பாக்கம் அணுமின் வளாகமும் குறுக்கிடுகின்றன. மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது; குறுகிய பயணத்தில் அந்த இழப்பு உறைக்கும். ஆடி மாத மேல்காற்று பக்கவாட்டில் அடிப்பதால் போகையில் தள்ளிவிடுவதும் இல்லை, வருகையில் பெரிதாகத் தடுப்பதும் இல்லை.

இந்தத் தடம் புதிதல்ல. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் டகோட்டா விமானம் கொழும்பிலிருந்து, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. இடையில் நின்றுபோன சேவை 2019 நவம்பரில் மீண்டது; கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. சேவை இல்லாத அத்தனை வருடமும் 354 கி.மீ. அப்படியே இருந்தது, யாழ்ப்பாணத்துக்காரர் கொழும்பு சுற்றி வந்துகொண்டிருந்தார்.

நம் மாமல்லபுரத்துக்காரருக்குப் பலாலி நேர்கோட்டில் 313 கி.மீ.தான். ஆனால் மீனம்பாக்கம் வரை சாலையில் ஒன்றரை மணி, பன்னாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி முன்னதாக வரச் சொல்வார்கள், அப்புறம் விமானம். நல்லவேளை, இரு நாட்டுக் கடிகாரமும் ஒன்று. கைக்கடிகாரத்தைத் திருப்பும் வேலையாவது மிச்சம்.