பி.எம். கிசான் தவணைக்கு முகப்பதிவும் போதும்

நிலமுள்ள விவசாயக் குடும்பங்களுக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாயை, 2,000 ரூபாய் வீதம் 3 தவணைகளாக வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. 2019-ல் துவங்கிய இத்திட்டத்தில் பின்னர் இ-கேஒய்சி எனும் ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாயிற்று.

இதில் இரு இடையூறுகள். ஆதாரில் செல்போன் எண்ணைச் சேர்க்காதவருக்கு ரகசிய எண் வராது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலில் ரேகை சரியாகப் பதியாது.

பெரிய வணிகச் செயலிகள் ஒரு வழி அடைபட்டால் மறு வழி வைத்திருக்கும். சரக்கு எங்கே வருகிறது என்பதையும் காட்டும். அரசு சேவைக்கும் இவ்விரண்டும் அவசியம். 2023 ஜூனில் பி.எம். கிசான் செயலியில் முகப்பதிவு வசதி வந்தது. ரகசிய எண்ணோ ரேகையோ வேண்டாம். ஒரு விவசாயி தம் செல்போனிலேயே மேலும் 100 விவசாயிகளுக்குப் பதிந்து கொடுக்கலாம்.

தவணை வரவில்லையெனில் வாளாவிருக்க வேண்டாம். பி.எம். கிசான் இணையதளத்தில் பயனாளி நிலையைப் பாருங்கள். நிலப் பதிவு, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு, இ-கேஒய்சி ஆகிய மூன்றில் எது விடுபட்டுள்ளது என்று தெரியும். அதைச் சரி செய்யுங்கள். செல்போன் வசதியில்லாதோர் அருகிலுள்ள பொது சேவை மையத்தை அணுகலாம்.