அனைவர்க்கும் உரிய ஆய்வு

நுழையும்முன்

அறிவியல் ஆய்வுகள் பலவும் மக்களின் வரிப்பணத்தில் நடைபெறுகின்றன. அவற்றின் முடிவுகளோ கட்டணம் செலுத்துவோர்க்கு மட்டுமே பல வேளைகளில் கிடைக்கின்றன. பொதுப்பணத்தில் விளைந்த அறிவு எவருக்கு உரியது என்பதைத் தென்சென்னைப் பகுதியை முன்வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை.

சென்னை தந்த விடை

தாம்பரம் சானடோரியம் என்னும் தொடர்வண்டி நிலையத்தின் பெயரில் ஒரு மருத்துவ வரலாறு அடங்கியுள்ளது. காசநோயாளிகளுக்கான நலவாழ்வு மனை ஒன்றை மருத்துவர் சௌரி முத்து 1928இல் அங்குத் தொடங்கினார். தூய காற்றும் நல்லுணவும் நீண்ட ஓய்வுமே அந்நாளில் காசநோய்க்கு மருத்துவமாகக் கருதப்பட்டன. பின்னர் மருந்துகள் வந்தன. ஆயினும் நோயாளிகள் அனைவர்க்கும் படுக்கை அளிக்க நாட்டில் போதிய மருத்துவமனைகள் இல்லை.

வீட்டில் இருந்தபடியே மருந்து உண்டால் நோய் குணமாகுமா? இதை அறிய 1956இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் அமைக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதற்குத் துணைநின்றன. 193 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினர்க்கு வீட்டிலும் மற்றொரு பிரிவினர்க்கு நலவாழ்வு மனையிலும் ஓராண்டு மருத்துவம் அளிக்கப்பட்டது. இரண்டும் ஏறத்தாழ ஒரே பயனைத் தந்தன. வீட்டில் மருத்துவம் பெற்றோரின் குடும்பத்தார்க்கு அதனால் கூடுதல் தொற்று ஏற்படவில்லை என்பதும் தெரியவந்தது.

இம்முடிவு 1959இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று; காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. அக்கட்டுரையை இன்று எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்.

கட்டணக் கதவு

எல்லா ஆய்வுகளுக்கும் இத்தகைய வாய்ப்பு அமைவதில்லை. அரசு தரும் நிதியில் ஓர் அறிஞர் ஆய்வு செய்கிறார். கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்புகிறார். அதற்காக அவருக்கு ஊதியம் எதுவும் வழங்கப்படுவதில்லை. கட்டுரையைச் சரிபார்க்கும் துறை வல்லுநர்களும் பெரும்பாலும் ஊதியமின்றியே அப்பணியைச் செய்கின்றனர். பின்னர் அதே இதழைப் பெறப் பல்கலைக்கழக நூலகம் சந்தா செலுத்துகிறது. இவ்வாறு பொதுமக்கள் ஆய்வுக்கு ஒருமுறையும் அதைப் படிப்பதற்கு மறுமுறையும் செலவிடுகின்றனர்.

இந்நிலைக்கு மாற்றாகத் தோன்றியதே திறந்த அணுகல். 1991இல் பால் கின்ஸ்பார்க் என்னும் இயற்பியலாளர், ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளை நேரடியாகப் பகிர்ந்துகொள்ளும் 'ஆர்க்சைவ்' என்னும் களஞ்சியத்தைத் தொடங்கினார். அதன் இந்தியப் படித்தளத்தைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் பேணியது. 2002இல் புடாபெஸ்ட் அறிக்கை இக்கொள்கைக்கு உலக அளவில் வடிவம் தந்தது. தரமணியிலேயே உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் இதுபற்றிய பயிலரங்குகளை நடத்தியது.

திறந்த அணுகலுக்கு மூன்று வழிகள் உண்டு. கட்டுரையின் படியைப் பொதுக் களஞ்சியத்தில் இடுவது பச்சை வழி. வெளியீட்டுச் செலவை எழுதுவோரிடம் பெற்றுப் படிப்போர்க்கு இலவசமாக அளிப்பது பொன் வழி. இருவரிடமும் கட்டணம் பெறாமல் அரசோ கல்வி நிறுவனமோ செலவை ஏற்பது வைர வழி.

அரசின் இரு முயற்சிகள்

நடுவணரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் ஒரு கொள்கையை வெளியிட்டன. தம் நிதியில் விளைந்த கட்டுரைகளைத் திறந்த களஞ்சியத்தில் இடவேண்டும் என்பது அதன் சாரம். இது பச்சை வழி.

2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300 அரசு நிறுவனங்களுக்குக் கிடைக்க இது வழிசெய்தது. சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவரும் பெருநகர ஆய்வாளர் படிக்கும் இதழைப் படிக்கலாம் என்பது இதன் பெரும்பயன்.

எனினும், சந்தா என்பது திறந்த அணுகல் ஆகாது. தனியார் கல்லூரி மாணவரும், தனியே மருத்துவம் பார்க்கும் மருத்துவரும், உழவரும், பள்ளி மாணவரும் இத்திட்டத்தின் முதற்கட்டத்திற்கு வெளியே நிற்கின்றனர். ஒப்பந்தக் காலம் முடிந்தால் மீண்டும் பணம் செலுத்தவேண்டும்.

செலவை ஏற்பவர் யார்?

கட்டுரையைச் செப்பனிடவும் நெடுங்காலம் பாதுகாக்கவும் செலவு உண்டு. இலவசமாகப் படிக்கப்படும் இதழுக்கும் யாரோ ஒருவர் பணம் தரவே வேண்டும். பொன் வழியில் அச்சுமை எழுதுவோர்மீது விழுவதால், நிதி இல்லாத ஆய்வாளர் எழுதவே தயங்குவார். படிப்பவருக்குத் திறந்த கதவு எழுதுபவருக்கு அடைபடுவது முறையாகாது. எனவே, பொதுநிதியில் நடைபெறும் இதழ்களை வலுப்படுத்துவது இன்றியமையாதது. 1934இல் சர் சி.வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் தன் இதழ்களை இணையத்தில் அனைவரும் படிக்கத் தருவது இதற்கு நல்ல முன்மாதிரி.

சென்னை ஆய்வில் பங்கேற்ற 193 பேரும் எளிய மக்கள். அவர்களது ஒத்துழைப்பால் கிடைத்த விடை எண்ணற்ற நாடுகளின் நோயாளிகளுக்குப் பயன்பட்டது. மக்களின் பணத்தாலும் பங்களிப்பாலும் விளையும் அறிவு, மீண்டும் மக்களையே சென்றடைவதுதான் அறம்.