பத்துத் தேங்காயும் 'டென் கோக்கனட்ஸ்'உம்

டெலானிபூரில் மகன் வீட்டில் இருக்கும் எனக்குப் பேத்தியின் ஆங்கிலப் பாடத்தைக் கவனிப்பதுதான் இப்போதைய உத்தியோகம். ரயிலே இல்லாத தீவில் ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளனுக்கு வேறென்ன வேலை!

சென்ற வாரம் தேர்வில் 'டென் கோக்கனட்' என்று எழுதி ஒரு மதிப்பெண்ணை இழந்து வந்தாள். ஒன்றுக்கு மேல் போனால் 'ஸ்' சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் கடையில் என் மனைவி, "தம்பி, பத்துத் தேங்காய் கொடுப்பா" என்றதும், "தப்பு பாட்டி! தேங்காய்கள்னு சொல்லணும்" என்றாள் குழந்தை. கடைக்காரர் சிரித்துவிட்டார். அதிகம் படிக்காத என் மனைவியின் முகம் வாடிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. பிழை பாட்டியுடையதல்ல, பாதிப் பாடம் சொன்ன என்னுடையது.

மாலையில் ஒரு 100 ரூபாய் நோட்டைப் பேத்தியிடம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் 'ஒன் ஹண்ட்ரட் ருப்பீஸ்'. பின்பக்கம் 15 மொழிகள் அடங்கிய கட்டத்தில், தமிழில் 'நூறு ரூபாய்'. 'ரூபாய்கள்' இல்லை. தமிழில் எண்ணே பன்மையைச் சொல்லிவிடுகிறது. ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்கும் இப்பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது நன்னூல். மனிதரைச் சொல்லும்போது அப்படியில்லை. 'பத்து மாணவன்' என்று நாம் சொல்வதில்லையே! ஆங்கிலமோ தேங்காய்க்கும் பன்மை கேட்கிறது.

அங்கும் ஒரு சிக்கல் உண்டு. 'டென் ருப்பீஸ்' சரி. ஆனால் 'டென் ருப்பி நோட்'. எண்ணும் பெயரும் சேர்ந்து இன்னொரு பெயருக்கு அடைமொழியானால் ஒருமைதான். எங்கள் அகலப்பாதையின் அளவு (1676 மில்லிமீட்டர்) 'ஃபைவ் ஃபீட் சிக்ஸ் இஞ்சஸ்'. பாதையைச் சொல்லும்போது 'ஃபைவ் ஃபுட் சிக்ஸ் இஞ்ச் கேஜ்'. வேலையில் சேர்ந்த புதிதில் இதை மாற்றி எழுதிய என் குறிப்பு, சிவப்பு மையோடு திரும்பி வந்தது!

'டூ டஜன் எக்ஸ்' என்பதில் டஜனுக்கு 'ஸ்' கிடையாது, முட்டைக்கு உண்டு. ஒன்றரை மணி நேரம் 'ஒன் அண்ட் எ ஹாஃப் ஹவர்ஸ்'. சைபர் வாங்கினாலும் 'ஸீரோ மார்க்ஸ்'. வாங்காத மதிப்பெண்ணுக்கும் பன்மை!

பேத்தி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அடுக்களை வாசலில் போய் நின்று, "பாட்டி, எனக்கு ரெண்டு தோசை" என்றாள்.

மூன்று கிடைத்தது.