குடவோலையும் மனுவும்: மேடை மேற்கோள்களை எவ்வாறு வாசிப்பது?

2025 ஜூலை 27 அன்று அரியலூர் மாவட்டம் கங்கைகொண்டசோழபுரத்தில் நடைபெற்ற ஆடித் திருவாதிரை விழாவில் பிரதமர் நரேந்திர மோடி உரையாற்றினார். மக்களாட்சி என்றதும் பிரிட்டனின் மாக்னா கார்ட்டாவைப் பேசுகிறார்கள். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சோழர் ஆட்சியில் குடவோலை முறைப்படி தேர்தல் நடந்தது என்பது அவ்வுரையின் ஒரு கருத்து. 2019ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பிசிராந்தையாரை மேற்கோள் காட்டினார். கட்சி வேறுபாடின்றி இது நம் மேடைகளின் வழக்கம். மேற்கோள் காட்டுவதில் தவறில்லை. ஆயினும், மேற்கோள் என்பது ஒரு சான்று. சான்றைக் குறுக்கு விசாரணை செய்ய நமக்கு உரிமை உண்டு.

குடவோலை முறையை விரிவாகச் சொல்வது உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், பொ.ஆ. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டது. அவ்வூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அதாவது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர். ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமாயின், வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். வேதமும் பாஷ்யமும் கற்றவருக்கு நில அளவில் சலுகை உண்டு. விலக்கப்பட்டோருடன் பழகியவர் பிராயச்சித்தம் செய்யும்வரை தகுதியற்றவர். தகுதியுடையோர் பெயர்களைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தனர். ஊரார் அனைவரும் வாக்களித்த தேர்தல் அன்று இது. கணக்குத் தணிக்கை, பதவிக்கால வரம்பு போன்ற சிறந்த கூறுகள் அதில் இருந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குடத்திற்குள் யாருடைய ஓலை விழவே முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சான்று முழுமையாகும். முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் சொற்கள் இடம்பெற்றுள்ளன என்பதையும் நினைவில் கொள்வோம்.

இது பழங்கதை அன்று. தனித்தொகுதியாக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று ஐந்து பேருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 2006 வரை பட்டியல் சாதித் தலைவர் பதவியில் நிலைக்க முடியவில்லை. பெருமைக்குரிய ஊராட்சி மரபைப் பேசும் எந்த மேடையும் இப்பெயர்களைத் தவிர்க்கலாகாது.

இனி, அதே மண்ணிலிருந்து எழுந்த வேறொரு மேற்கோளைப் பார்ப்போம். அரியலூர் மாவட்டம் அங்கனூரில் பிறந்தவர் தொல். திருமாவளவன். அரியலூர், ஜெயங்கொண்டம், பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னம் ஆகியவற்றை உள்ளடக்கிய சிதம்பரம் தனித்தொகுதியின் மக்களவை உறுப்பினர். 2020இல் ஓர் இணையவழிக் கருத்தரங்கில், பெண்களை மனுஸ்மிருதி எவ்வாறு இழிவுபடுத்துகிறது என்று அந்நூலை மேற்கோள் காட்டி அவர் பேசினார். அதற்காகச் சென்னைக் காவல்துறை அவர்மீது வழக்குப் பதிவு செய்தது. பழைய நூலைப் புகழ்ந்து எடுத்தாண்டால் பண்பாடு. அதே நூலை விமர்சித்து எடுத்தாண்டால் குற்றம் என்னும் இரட்டை அளவுகோல் இங்கே வெளிப்படுகிறது. நூலில் உள்ளதை எடுத்துக் காட்டுபவரைவிட, அதை எழுதி வைத்ததும் இன்றளவும் போற்றுவதுமே விசாரணைக்குரியவை.

பழமொழிகளும் இவ்விசாரணைக்கு உட்பட்டவையே. ஊரறிந்த சொலவடை என்ற பெயரில் சாதிப் பெயர்களை வசையாக்கும் வழக்கம் மேடைகளில் இன்றும் தொடர்கிறது. 'சண்டாளர்' என்பது தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளுள் ஒன்றின் பெயர். அதை வசைச் சொல்லாகப் பயன்படுத்தக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் 2024இல் அறிவுறுத்தியது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் பட்டியல் சாதியினரைச் சாதிப் பெயரால் வசைபாடுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(s) பிரிவின்கீழ் குற்றம். பழமொழி என்பது அதற்குத் தானாகவே விலக்காகிவிடாது.

அவ்வாறாயின் மேற்கோளை எப்படிக் கையாள வேண்டும்? 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய உரை இதற்கு முன்மாதிரி. அவரும் பழமையைச் சுட்டினார்: பௌத்த பிக்கு சங்கங்கள் நாடாளுமன்ற நடைமுறைகளை அறிந்திருந்தன என்றார். ஆனால் அந்தப் பெருமையோடு நிறுத்தவில்லை. அந்த மக்களாட்சியை இந்தியா இழந்தது. மீண்டும் இழக்குமா என்று வினவினார். ஜான் ஸ்டூவர்ட் மில்லை எடுத்துக்காட்டி, எத்துணைப் பெரிய மனிதராயினும் அவர் காலடியில் சுதந்திரங்களை வைத்துவிடாதீர்கள் என எச்சரித்தார். அவர் கையில் மேற்கோள், அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவியாயிற்று.

நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பை எடுத்துக்காட்டும் வழக்குரைஞர், தமக்கு வேண்டிய ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு அமர முடியாது. முழுத் தீர்ப்பும் மேசைக்கு வரும். மேடைக்கும் அதே விதியைப் பொருத்துவோம். மூலத்தில் முன்னும் பின்னும் இருப்பது என்ன? அந்தச் சொல்லில் யார் விடுபட்டனர்? பேசியவரின் ஆட்சியில் அச்சொல் எந்தச் சட்டமாக, எந்த நிதி ஒதுக்கீடாக மாறியது? கூட்டத்தில் கைதட்டல் அடங்கிய பிறகு, மாணவர்களும் களப்பணியாளர்களும் எழுப்ப வேண்டிய வினாக்கள் இவை.