நடுவட்டத்தில் ஒரு ஹார்மோனியம்

நீலகிரியில் நடுவட்டத்திற்குச் செல்வோர் வழக்கமாகப் பார்ப்பவை இரண்டு. ஒன்று தேயிலை, மற்றொன்று, சிங்கோனாத் தோட்டங்களில் வேலை வாங்கும் பொருட்டு 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்கார சர்க்கார் சீனக் கைதிகளை அடைத்து வைத்திருந்த சிறை. கூடலூருக்குப் போகும் வழியில் அவ்வூரில் பஸ்ஸுக்காக நின்றிருந்த நாம் கண்டதோ ஒரு ஹார்மோனியப் பெட்டி. அதனைக் கம்பளியால் போர்த்திவிட்டு, வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தார் அதற்குரிய முதியவர்.

"தங்களுக்குக் குளிரவில்லையா?" என்றோம்.

"எனக்குச் சளி பிடித்தால் மூன்று நாளில் போய்விடும், ஐயா. இதற்குப் பிடித்தால் ரீடு மாற்ற வேண்டும்" என்றார்.

அவர் ஸ்பெஷல் நாடகத்திற்கு ஹார்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடுபவர், மதுரைப் பக்கத்தவர். முதல்நாள் இரவு எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் வள்ளி திருமணம்; மறுநாள் இரவு திண்டுக்கல் அருகே ஒரு கிராமம். ஸ்பெஷல் நாடகத்தில் நிரந்தரக் கம்பெனி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஓரூர், ஸ்திரீபார்ட் வேறூர், மிருதங்கம் மற்றோரூர். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த நாடகம் அனைவருக்கும் மனப்பாடமாதலால், அந்தி வேளையில் கூடி, விடியும்வரை ஆடிப் பாடிப் பிரிகிறார்கள். சுவாமிகள் மறைந்தது 1922-ல். ஒரு நூற்றாண்டு கடந்தும் அவர் சொல்லை நம்பி இத்தனை குடும்பங்கள் ஜீவிப்பது சாமானிய விஷயமன்று.

"நாற்பது வருஷத்தில் நான் போகாத ஊர் இல்லை, பகலில் பார்த்த ஊர்தான் அதிகமில்லை" என்றார். இருட்டும்போது இறங்கி, விடியும்போது ஏறுகிறவருக்கு ஊர் என்பது ஒரு மேடையும் நான்கு விளக்குகளுமே. மலைப்பனியில் மிருதங்கத் தோல் தளர்ந்துபோகுமாம். ஜனங்கள் மட்டும் கலைவதில்லையாம். இலங்கையினின்றும் தாயகம் திரும்பிய தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் குளிரில் விடியுமட்டும் அமர்ந்திருந்தார்களென்று பெருமையோடு சொன்னார். கீழ்நாட்டில் பபூன் காமிக் முடிந்ததும் பாதிப்பேர் எழுந்துவிடுகிறார்களாம்.

பின்னர், கேளாமலே ஒன்று சொன்னார். தாயார் காலமான செய்தி வந்தபோது அவர் மேடையில் பபூனுடைய பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். மங்களம் வரையில் வாசித்துவிட்டே புறப்பட்டார். "அச்சாரம் வாங்கிவிட்டேனே, ஐயா!"

இதனைக் கேட்டதும் நம் மனம் தியாகி விசுவநாததாஸிடம் சென்றது. 1886-ல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த அப்பெருமகனும் ஊர் ஊராய்ச் சென்று பாடியவரே. தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் கட்டத்தில், கதிரைக் கொத்தவரும் வெள்ளைக் கொக்கு அன்னிய ஆட்சியாகிவிடும். மதுரகவி பாஸ்கரதாஸின் பாட்டு அவர் கண்டத்திலிருந்து எழுந்தால், கொக்கு எதுவென்று ஜனங்களுக்கும் தெரியும். கொட்டகையில் நின்ற போலீஸாருக்கும் தெரியும். ஆகவே மேடையிலிருந்து அவர் போன இடம் பல தடவை சிறை. வழக்கறிஞன் என்ற முறையில் ஒன்று கூறுவோம்: நாடகங்களை அடக்க 1876-ல் இயற்றிய சட்டத்தைப் பார்லிமெண்டு ரத்து செய்தது 2017-ல்தான்! சுயராஜ்யம் வந்து எழுபது ஆண்டு அந்த வேடம் கலையவில்லை.

அன்னிய சர்க்கார் செய்ததையாவது பகைவன் செயலென்று பொறுக்கலாம். மருத்துவர் குலத்தில் பிறந்தவரென்பதற்காக அவரோடு மேடையேற மறுத்த சக கலைஞர்களை என்னென்பது? முருகனாக அவர் தோன்றினால் கைகூப்பிய ஜனங்கள், வேடம் கலைத்தபின் அவருக்கு எந்தத் திண்ணையைக் காட்டினார்கள்? 1940 டிசம்பர் 31-ந் தேதி, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர் பிரிந்தது. வயது 54.

முதியவரிடம் இக்கதையைச் சொன்னோம். அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. "இப்போது திண்ணை கொடுக்கிறார்களா?" என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமலிருந்தார். "இப்போதெல்லாம் பள்ளிக்கூடக் கட்டிடத்தில் இறக்கிவிடுகிறார்கள், ஐயா. யாரும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை" என்றார்.

உதகை பஸ் முதலில் வந்தது. ஏறி, ஜன்னலோரம் அமர்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். கம்பளி அதன் மேலேயே இருந்தது.